தகைவிலானுக்குக் கூடு எங்கே? – தென்பெண்ணைக் கரையில் ஆறு நாள்

முதல் நாள்: காவேரிப்பட்டணம்

சேலத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தருமபுரியில் பாதிக் கூட்டம் இறங்கி, காவேரிப்பட்டணம் வந்து சேர மணி நாலரை ஆகிவிட்டது. மாமா வண்டியோடு காத்திருந்தார். அக்கா வீடு ஊருக்குள் இல்லை. கிருஷ்ணகிரி அணையிலிருந்து வரும் கால்வாயை ஒட்டி நாலு வீடும் ஒரு வேப்பமரமுமாக இருக்கும் கொட்டாய் அது. தோட்டத்துக்குள் இருக்கும் சின்னக் குடியிருப்பை இந்தப் பக்கம் கொட்டாய் என்றுதான் சொல்வார்கள். ஓலை போட்டிருந்தாலும் சரி, மாடி கட்டியிருந்தாலும் சரி, பெயர் அதுதான்.

மார்ச் இரண்டாம் வாரம். மாந்தோப்பில் பிஞ்சு பிடித்திருக்கிறது. வாசலில் இறங்கியதும் நான் பார்த்தது மாம்பிஞ்சை அல்ல, மின்கம்பியைத்தான். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு எண்ணினேன். 41 குருவிகள் இருந்தன.

தகைவிலான். தகைவு என்றால் களைப்பு, தடை. அது இல்லாதவன் தகைவிலான். இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, வெகுநேரம் அண்ணாந்து பார்த்த பிறகுதான் வைத்திருப்பார்.

கம்பியில் இருக்கும்போது நன்றாகப் பார்க்கலாம். சிட்டுக்குருவியைவிட ஒல்லி. எடை 20 கிராமை ஒட்டி இருக்கும். மூன்று ஐந்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். ஆனால் இறக்கையை விரித்தால் ஓர் அடியைத் தாண்டும். முதுகு நிழலில் வெறும் கறுப்பு. வெயில் சாய்வாகப் படும்போது இங்க் பாட்டிலுக்குள் தெரிகிற நீலம். நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம். தொண்டைக்குக் கீழே மார்பைச் சுற்றி ஒரு கருநீலப் பட்டை, அதற்கும் கீழே பாலாடை நிறத்தில் வயிறு. வால் ஆழமாகப் பிளந்து, இரண்டு ஓரச் சிறகுகள் மட்டும் நாடா போல மெலிந்து நீண்டிருக்கும். திரும்பும்போது வாலை விரிக்கும். அப்போது வெள்ளைப் பொட்டுகள் வரிசையாகத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தால் பலவற்றுக்கு அந்த நாடா இருக்காது. குளிர்காலத்துக்கு இங்கே வந்த பிறகுதான் பழைய இறகை உதிர்த்துப் புதிது முளைக்கவிடுகின்றன. சின்னஞ்சிறுசுகளுக்கோ வாலே குட்டை. மார்ச் வந்தால் எல்லாம் புதுத்துணி உடுத்தியது போல ஆகிவிடும். நான் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்து வந்ததே அதற்காகத்தான். இன்னும் சில வாரங்களில் கிளம்பிப் போய்விடும்.

அத்தை, அதாவது மாமாவின் அம்மா, திண்ணையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏந்தம்பி, வந்ததும் வராததுமா கம்பியவே பாத்துட்டிருக்க?”

குருவி பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர் தலையைத் தூக்கிக் கம்பியைப் பார்த்தார்.

“புரட்டாசில வருதுங்க, சித்திரைல காணாம போவுதுங்க. எத்தினி வருசமா பாக்கறேன். ஒரு நாளாச்சும் ஒரு குச்சி தூக்கிட்டுப் போயிப் பாத்ததில்ல. இதுங்களுக்குக் கூடு எங்க?”

இங்கே வைக்காது, வடக்கே போய்த்தான் வைக்கும் என்று எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். அத்தை விடவில்லை.

“அப்ப மதகுப் பாலத்துக்கு அடியில மண்ணுக் கிண்ணம் ஒட்டி வெச்சிருக்கறது யாரு? அதுவும் நீலமாத்தான் இருக்குது. வால்ல கம்பி வேற. நான் கண்ணால பாத்திருக்கேன்.”

அவர் பார்த்தது எது என்று ஊகிக்க முடிந்தது. ஆனால் ஊகத்தை வைத்து அவரிடம் வாதாட மனம் வரவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மாட்டுக் கொட்டகைப் பக்கம் தார்ப்பாய் மூடிய மூன்று மூட்டை சிமென்ட் இருந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரே சகதி, தளம் போடப்போவதாக மாமா சொன்னார். இரவு களியும் கீரைக் கடைசலும்.

இரண்டாம் நாள்: கிருஷ்ணகிரி அணை

பஸ்ஸில் போய் அணைக்கட்டு ரோட்டில் இறங்கி நடந்தேன். 1950-களின் பிற்பகுதியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய அணை இது. முழு உயரம் 52 அடி. இடது கால்வாயும் வலது கால்வாயும் சேர்ந்து 9,012 ஏக்கருக்குப் பாசனம். அக்கா வீட்டுக் கால்வாயில் இப்போது தண்ணீர் ஓடுவதும் இரண்டாம் போகத்துக்கு இங்கிருந்து திறந்துவிட்டதுதான்.

ஏழு மணிக்குத் தண்ணீரின் மேல் அவை இறங்கிவிட்டன. நூறுக்கு மேல் இருக்கும், ஓடிக்கொண்டே இருப்பதால் எண்ண முடியவில்லை. தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, நேர்கோட்டில் வந்து, திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து, மறுபடி நேர்கோடு. ஒவ்வொரு சாய்வும் ஒரு பூச்சி. அலகு பார்க்கச் சின்னது. ஆனால் வாயைத் திறந்தால் கண்ணுக்குக் கீழே வரைக்கும் பிளக்கும். கொசு, ஈ, தண்ணீரிலிருந்து அப்போதுதான் கிளம்பிய சிறு பூச்சிகள் எல்லாம் பறந்தபடியே உள்ளே போகும். தண்ணீர் குடிப்பதும் அப்படித்தான். கீழ் அலகால் தண்ணீரைக் கீறிக்கொண்டு போகும். பின்னால் ஒரு மெல்லிய கோடு விரிந்து மறையும். குளிப்பதும் ஒரு முக்கு, ஒரு சிலுப்பல். உட்காருவதே இல்லை.

அவற்றுக்கு மேலே, இன்னும் உயரத்தில், அரிவாள் போல வளைந்த இறக்கையோடு வேறொரு கூட்டம் கீச்சிட்டுச் சுற்றியது. அது நாட்டு உழவாரன். பலரும் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். அடையாளம் எளிது: உழவாரன் கம்பியில் உட்காராது. நான்கு விரலும் முன்பக்கம் பார்த்தே இருப்பதால் சுவரையோ பாறையையோ பற்றித் தொங்கத்தான் முடியும். கம்பியில் வரிசை கட்டி உட்கார்ந்தால் அது தகைவிலான்.

இவற்றுக்கு வேண்டியது என்ன என்று இந்த இடத்தில் நின்றால் சொல்லாமலே புரிகிறது. திறந்த வெளி, தண்ணீர், தண்ணீரிலிருந்து எழும் பூச்சி. ஏரி, அணை, நெல் வயல், மாடு மேயும் புல்தரை என்று எங்கே பூச்சி எழும்புகிறதோ அங்கே இருக்கும். அடர்ந்த காட்டுக்குள் போகாது. 1758-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் ‘ருஸ்டிகா’ என்று வைத்தார். லத்தீனில் நாட்டுப்புறத்துக்காரி என்று பொருள்.

ஒரு கவலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் ஓரமாக இறங்கி, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டித்தான் இங்கே வருகிறது. அந்த அணையில் நுரை பொங்கி நிற்கும் படங்களை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கெட்டால் மீன் செத்து மிதப்பதை நாம் பார்க்கிறோம். தண்ணீருக்குள் புழுவாக இருக்கும் பூச்சி செத்தால் யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பது இந்தப் பறவை மட்டும்தான்.

மதியம் அணைக்கட்டுக் கடையில் மீன் வறுவல் சாப்பிட்டேன். மிளகாய்ப் பொடி தூக்கலாக, நன்றாக இருந்தது.

இரவு அக்கா மகனுக்கு ஒரு கதை சொன்னேன், அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் தகைவிலான் குளிர்காலத்தில் ஏரிச் சேற்றுக்குள் புதைந்து தூங்குகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். 1911 மே மாதம் இங்கிலாந்தில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்ற வழக்கறிஞர், தன் வீட்டு முகப்பில் கூடு வைத்திருந்த ஒரு தகைவிலானின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிவிட்டார். 1912 டிசம்பர் 23 அன்று அதே வளையத்தோடு அந்தப் பறவை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு பண்ணை வீட்டுக்குள் பிடிபட்டது. ஒரே ஒரு வளையம். பூமியின் அந்தக் கோடி வரைக்கும் போகிறது என்று தெரிந்துவிட்டது.

“பாவம், அந்த வளையத்தையும் தூக்கிட்டா போச்சு?” என்றார் அத்தை.

மூன்றாம் நாள்: மதகுப் பாலம்

இன்று எங்கும் போகவில்லை. வீட்டிலிருந்து இருநூறு அடி தூரத்தில் இருக்கும் மதகுப் பாலத்துக்கு மட்டும் போனேன். அக்கா மகனுக்குப் பள்ளி விடுமுறை, அவனும் வந்தான்.

பாலம் என்றால் டிராக்டர் போகிற அளவுக்குச் சின்னது. அடியில் முட்டளவுத் தண்ணீர் ஓடுகிறது. எதிர்க்கரையில் தென்னை நிழலில் உட்கார்ந்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கால்வாய்க்கு மேலே தாழ வந்து பாலத்துக்குள் நுழைந்தது ஒன்று. பின்னாலேயே இன்னொன்று. இரண்டாவது வெளியே வந்து மதகின் இரும்புக் கம்பியில் உட்கார்ந்தது. பைனாகுலரைத் தூக்கினேன்.

முதுகு அதே நீலம், இன்னும் கொஞ்சம் பளபளப்பு. ஆனால் தொண்டையில் செங்கல் நிறம் இல்லை. தாடை தொடங்கி வாலடி வரைக்கும் துவைத்துக் காயவைத்த வேட்டி வெள்ளை. மார்புப் பட்டையும் இல்லை. சிவப்பெல்லாம் தலைக்கு ஏறி, செங்காவித் தொப்பி போட்டது போல் இருந்தது. வாலிலிருந்து இரண்டு கம்பி, குதிரை முடி அளவுக்கு மெல்லியது, பின்னணி இருட்டாக இருந்தால்தான் கண்ணில் படும்.

கம்பிவால் தகைவிலான். அத்தை பார்த்தது இதைத்தான். வருகிறதும் போகிறதும் இதற்குக் கிடையாது, இந்த ஊர்ப் பறவை. தண்ணீரை விட்டு விலகி இருக்காது. கூட்டம் சேராது, எங்கு பார்த்தாலும் ஜோடிதான். கம்பி நீளமாக இருந்தால் ஆண். பெண்ணுக்கு அது குட்டை.

கூடு பாலத்தின் தளத்துக்குச் சற்றுக் கீழே, பக்கச் சுவரில், தண்ணீருக்கு ஓர் ஆள் இடுப்பு உயரத்தில் ஒட்டியிருந்தது. ஒரு தேங்காய் மூடியை நிற்கவைத்துப் பாதியாக அறுத்து, அறுத்த பக்கத்தைச் சுவரில் அழுத்தியது மாதிரி. இன்னும் முடியவில்லை. முழுக்க மண் உருண்டை. ஒவ்வோர் உருண்டையும் துவரம் பருப்புக்கும் மொச்சைக்கும் இடைப்பட்ட அளவு, ஒன்றன் மேல் ஒன்று, விளிம்பெல்லாம் மேடும் பள்ளமும். நடுநடுவே புல் நார் நீட்டிக்கொண்டிருந்தது.

“மாமா, மேல மட்டும் கறுப்பா இருக்கு” என்றான் பையன்.

நான் கவனிக்கவே இல்லை. விளிம்பில் இரண்டு வரிசை மட்டும் ஈரக் கறுப்பு. அதற்குக் கீழே ஒரு வரிசை பழுப்பு. அடியில் எல்லாம் சாம்பல் நிறம். இன்று வைத்தது, நேற்று வைத்தது, அதற்கு முன் வைத்தது எல்லாம் அங்கே எழுதிவைத்தது போல் தெரிந்தது. ஒரேயடியாக ஏற்றினால் பாரம் தாங்காமல் இறங்கிவிடும். அதனால் கொஞ்சம் வைத்துவிட்டு, காயவிட்டு, மறுநாள் மேலே வைக்கிறது. மண் சுவர் வைக்கிற நம் ஆட்களும் இப்படித்தானே ஒரு வரி வைத்து ஆறவிடுவார்கள்.

பையன் வாட்சைப் பார்த்துக்கொண்டு, நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டு எண்ணினோம். அரை மணியில் 22 தடவை மண் வந்தது. ஒவ்வொரு தடவையும் பறவை விளிம்பில் தொற்றி, மண்ணை அழுத்தி, தாடையால் நடுங்க நடுங்க இரண்டு மூன்று தட்டு தட்டும். பிறகு கிளம்பும். ஆணும் பெண்ணும் மாறி மாறி. கூடு முடிந்ததும் உள்ளே புல்லும் மெத்தென்று இறகும் பரப்பி மூன்று நான்கு முட்டை வைக்கும், வெள்ளையில் செம்பழுப்புப் புள்ளி போட்டது. பெண்தான் அடைகாக்கும். குஞ்சு இறங்கிப் போன பிறகும் கூடு வீணாகாது, அடுத்த தடவை அதையே பூசிச் சரிசெய்துகொள்ளும்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. இந்தக் கால்வாய்க்கு இங்கே இரண்டு பக்கமும் கான்கிரீட் போட்டாயிற்று. கரையில் ஒரு பிடி சேறு கிடையாது. அப்படியானால் 22 உருண்டை மண் எங்கிருந்து வந்தது? இரண்டும் தென்னைக்கு மேலே ஏறிக் கொட்டாய்ப் பக்கம் திரும்புவது மட்டும் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம், கண்ணில் படவில்லை.

அத்தையிடம் வந்து, நீங்கள் சொன்ன கூடு இருக்கிறது, ஆனால் அது வேறு குருவி, தொண்டையைப் பார்த்தால் தெரியும் என்றேன். “ரெண்டும் பங்காளிதான?” என்றார். பங்காளிதான்.

நான்காம் நாள்: ராயக்கோட்டை

கிருஷ்ணகிரி போய் ராயக்கோட்டை பஸ். தக்காளி மண்டியைத் தாண்டி மலைக்கோட்டைக்கு ஏறினேன். 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவின் ஆட்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. வெயில் ஏறிவிட்டதால் முழுக்க ஏறவில்லை.

செங்குத்துப் பாறையின் முகத்தை உரசிக்கொண்டு ஒரு பத்து, கரும்பழுப்பு நிறத்தில், நீலமோ சிவப்போ ஒன்றும் இல்லாமல் பறந்தன. வால் பிளவும் இல்லை. விரிக்கும்போது மட்டும் அதே வெள்ளைப் பொட்டு வரிசை. இதுவும் தகைவிலான் வம்சம்தான், பாறைத் தகைவிலான். பாறைத் தொங்கலின் அடியில், சில ஊர்களில் உயரமான கட்டிடங்களிலும், மண் கிண்ணம் ஒட்டும். நான் நின்ற இடத்திலிருந்து கூடு தெரியவில்லை. இரண்டு பாட்டில் தண்ணீரும் தீர்ந்து இறங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள்: ஒகேனக்கல் போகும் வழி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். ஹொகே என்றால் கன்னடத்தில் புகை, புகைகிற கல். இந்த மாதத்தில் காவிரி இளைத்திருக்கிறது, புகையும் குறைவு, பாறை அதிகம். பரிசலில் ஒரு சுற்று போனேன். பாறைச் சந்துகளுக்குள் தண்ணீர் இருண்டு கிடக்க, தலைக்கு மேலே செம்பிட்டத் தகைவிலான்கள் நிதானமாக மிதந்தன. மற்றவற்றைப் போல விசுக் விசுக்கென்று ஓடாது. இறக்கையை நீட்டி வழுக்கிக்கொண்டு போகும். முதுகின் நீலம் முடிகிற இடத்தில், வாலுக்கு மேலே, துருவேறிய இரும்பு நிறத்தில் பட்டை. வயிற்றில் பென்சிலால் இழுத்தது போல் மெல்லிய கோடுகள்.

இதன் கூடுதான் இந்தக் குடும்பத்திலேயே பெரிய கைவேலை. கிண்ணம் அல்ல, கூஜா. கவிழ்த்த கூஜாவைப் பாதியாக வெட்டிக் கூரையின் அடிப்பக்கத்தில் ஒட்டி, வாயைக் குழாய் போல ஒரு சாண் நீட்டியது மாதிரி. குழாய் வழியாகத்தான் நுழைய வேண்டும். உள்ளே வைக்கும் முட்டைக்குப் புள்ளியே இருக்காது, தூய வெள்ளை. இருட்டுக்குள் இருப்பதால் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை என்று ஒரு கருத்து உண்டு. இத்தனை பாடுபட்டுக் கட்டிய வீட்டை உழவாரன் வந்து பிடுங்கிக்கொள்வதும் நடக்கும்.

அதைப் பார்க்கத்தான் திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். சாலையோரத்தில் ஒரு பழைய கட்டிடம். நாலு வருடம் முன்பு வந்தபோது அதன் முகப்புக் கூரையில் மூன்று கூடுகள் இருந்தன, படம் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று புதுப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். கூரையில் மூன்று இடத்தில் பெயின்டுக்கு அடியிலும் ஒரு நீள்வட்ட மேடு மட்டும் தடவினால் தெரிகிற மாதிரி இருந்தது. சாரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“சுரண்டிட்டுத்தாண்ணா அடிக்கணும், இல்லன்னா பில்லு தர மாட்டாங்க” என்றார். முட்டை இருந்ததா என்று கேட்டேன். ஒன்றில் இருந்தது என்று தயங்கிச் சொன்னார்.

அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் பெயின்ட் அடிக்கச் சொன்னவர்கள் ஒரு முறை அண்ணாந்து பார்த்திருக்கலாம். ஆனி ஆடி வரை பொறுத்திருக்கலாம் என்றுகூடக் கேட்கவில்லை. முட்டை இருந்த அந்த ஒரு கூட்டைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டு அடித்திருக்கலாம். எனக்கு வெகுநேரம் மனசு ஆறவில்லை. கட்டிடத்துக்குப் பின்னால் போனேன். சாமான் அறையின் தாழ்வாரத்தில் இன்னொரு கூஜா, குழாய் வாய் உடையாமல் இருந்தது. பத்து நிமிடம் காத்திருந்தேன். குழாயிலிருந்து ஒரு செம்பட்டைப் பிடரி எட்டிப் பார்த்து, வெளியே வழுக்கிப் போனது. யாரிடமும் காட்டாமல் வந்துவிட்டேன்.

ஆறாம் நாள்: பாரூர் ஏரி, பிறகு கொட்டாய்

நாலரை மணிக்கே மாமா எழுப்பிவிட்டார். பாரூர் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கில் வெளுப்பு மட்டும் இருந்தது. தென்பெண்ணையில் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வாங்குகிற பெரிய ஏரி. ஓரத்துச் சம்பங்கோரைக்குள்ளிருந்து கொதிக்கிற எண்ணெய் மாதிரி ஒரு சத்தம், சடசடவென்று, மெதுவாக. தகைவிலான்கள் இரவு தங்குகிற இடம் அது. பகலில் சிதறிப் பறப்பவை எல்லாம் அந்தியில் இப்படிக் கோரைக்குள்ளோ கரும்புக்குள்ளோ ஒன்றாக அடையும்.

வெளுப்பு சிவப்பாக மாறும் நேரத்தில் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த நொடி கோரை மொத்தமும் எழுந்தது போல் இருந்தது. ஏரிக்கு மேலே ஒரே கறுப்பாகத் திரண்டு, ஒரு வட்டம் போட்டு, எல்லாத் திக்கிலும் பிரிந்து போனது. ஆயிரம் என்று மாமா சொன்னார், எனக்கு அதற்கும் மேலே தோன்றியது. இரண்டு நிமிடத்துக்குள் ஏரி காலி. கோரைத் தட்டைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

எட்டு மணிக்கு வீடு வந்தோம். வாசல் கம்பியில் எண்ணினேன், 26. முதல் நாள் 41. சில கிளம்பியிருக்கலாம், சில வேறு கம்பியில் இருக்கலாம். அத்தை மாட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டதற்கு இப்போதுதான் முழுசாகப் பதில் சொன்னேன். இந்தக் கம்பியில் இருப்பவை இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் போய்க் கூடு வைக்கும். காஷ்மீரில் கடை விட்டத்திலும் வீட்டுத் தாழ்வாரத்திலும் மாட்டுக் கொட்டகை உத்தரத்திலும், கடைக்காரர் தலைக்கு மேலேயே கட்டும். இதற்கும் மண் உருண்டைதான், ஆயிரத்தை ஒட்டி வேண்டும். திறந்த கிண்ணம், உள்ளே புல், அதன் மேல் இறகு. நாலைந்து முட்டை, வெள்ளையில் செம்புள்ளி. இரண்டு வாரத்துக்குச் சற்று மேலே அடைகாத்தால் குஞ்சு, மூன்று வாரத்தில் அது பறந்துவிடும். பிறகு முடிந்தால் இன்னொரு ஈடு. வாலில் நாடா நீண்ட ஆணுக்குச் சீக்கிரம் ஜோடி கிடைக்கும். டென்மார்க்கில் 1980-களில் சில ஆண்களின் வாலைக் குறைத்தும் சிலவற்றுக்கு ஒட்டி நீட்டியும் பார்த்து அதை உறுதிசெய்தார்கள். கோடையில் அங்கே பகல் நீளம், பூச்சிக்கும் குறைவில்லை, குஞ்சுகளுக்கு ஊட்ட நேரம் நிறைய.

அத்தைக்குப் பிடித்தது மாட்டுக் கொட்டகை என்ற சொல்தான்.

“மாட்டுக் கொட்டாயிலயா வைக்குது? அப்ப நம்ம கொட்டாய்க்கு என்ன கொற? இங்கயே வைக்கலாமில்ல?”

வைத்த ஊரும் உண்டு என்றேன். வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்துக்கு அர்ஜென்டினா போகும் இதே தகைவிலான்களில் சில, 1980-இல் அங்கேயே ஒரு பாலத்தடியில் கூடு கட்டத் தொடங்கின. இப்போது அங்கே அவை ஆண்டுதோறும் குஞ்சு பொரிக்கின்றன. நம்ம பக்கம் அப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் நின்ற சகதியில், மாட்டுக் குளம்புப் பள்ளத்தின் ஓரத்தில், ஒரு குருவி. செங்காவித் தொப்பி, வெள்ளைத் தொண்டை. எங்களுக்கும் அதற்கும் ஐந்தடிகூட இருக்காது. வாலின் இரண்டு கம்பியும் சேற்றில் படாமல் மேலே தூக்கியிருந்தது, இறக்கையையும் தூக்கிப் பிடித்திருந்தது. காலே தெரியாத குட்டைக் கால். ஒரு கொத்து, இரண்டு கொத்து, அலகில் கறுப்பாக ஓர் உருண்டை சேர்ந்தது. அப்படியே எழுந்து தென்னைக்கு மேலே ஏறி மதகுப் பக்கம் திரும்பியது. அடுத்தது வந்தது. மூன்று நாளாக எனக்குக் கிடைக்காத மண், நான் தினமும் முகம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

அத்தை திரும்பிப் பார்த்தார். மாமா சிமென்ட் மூட்டையின் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார், மணலும் வந்து இறங்கியிருந்தது.

“டேய், தொட்டிக்கு இந்தப் பக்கம் ரெண்டு முழம் விட்டுட்டுப் போடு.”

“சகதியா கெடக்குமேம்மா.”

“கெடக்கட்டும்.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு குச்சியை எடுத்து, சகதியைச் சுற்றி மண்ணில் கோடு கிழித்தார். பையன் அந்தக் கோட்டின் மேல் செங்கல் அடுக்கினான். அதற்குள் பறவை இரண்டு தடவை வந்து போய்விட்டது. எனக்குப் பதினொன்றரைக்கு பஸ்.